கார் வாங்கி எட்டு மாதம்

கல்லூரிக் கூட்டங்களில் அரசியல் கேள்விகள் எல்லாம் முடிந்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகு, ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து கேட்கிறது: "அக்கா, வண்டி எப்படி ஓடுது?" வேறு சிலர் வாய் திறப்பதில்லை, முகத்தில் கேட்கிறார்கள். இயக்கத்தில் இருப்பவளுக்குக் கார் எதற்கு என்று. இரண்டு கேள்விக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். நான்கு மீட்டருக்கும் குறைவான நீளம், சின்ன பெட்ரோல் இன்ஜின். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரக வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதற்காகவே காத்திருந்து வாங்கினேன். ஏழு வருடத் தவணை, மாதம் எட்டாயிரத்துச் சொச்சம்.

நீல நிறம் கேட்டேன். "வெள்ளைதான் மேடம் ரீசேலுக்கு நல்லாப் போகும்" என்றான் ஷோரூம் தம்பி. நீலத்துக்கு மூன்று வாரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது, காத்திருந்தேன். வண்டி எடுக்கிற அன்று பூசணிக்காய், தேங்காய், சூடம், டயருக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம் எல்லாம் தயாராக இருந்தன. வேண்டாம் என்றதும் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எலுமிச்சம்பழமாவது ஏத்திட்டுப் போங்க மேடம், எனக்குத் திட்டு விழும்" என்றான். பழங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் ஜூஸ் போட்டுக் குடித்தோம்.

முதலில் பிடித்தது. மைலேஜ், ஏசி, ரிவர்ஸ் கேமரா எல்லாம் பரவாயில்லை ரகம். எனக்கு உண்மையில் பிடித்தது கதவு. மூடினால் மூடிக்கொள்கிறது.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் நடந்ததைக் கேட்டு எழுத நமக்கு என்ன இடம் இருக்கிறது? காலனி வீடு ஒற்றை அறை. மாமனாரும் கொழுந்தனும் வாசலில் நிற்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சன்னலில் இருப்பார். டீக்கடையில் பேச முடியாது. ஸ்டேஷன் பெஞ்சில் பேசினால் எழுத்தர் முதல் ஓட்டுநர் வரை காது கொடுப்பார்கள். எத்தனையோ பேர் முக்கியமான இடத்தை விழுங்கிவிட்டு "அவ்ளோதான்கா" என்று முடித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த விழுங்கிய இடம்தான் பிறகு வழக்கில் ஓட்டையாக நிற்கும். இப்போது புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பேச்சு வருகிறது. இன்னொன்றும் கவனித்தேன். முன் சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் எதிரே ரோட்டைப் பார்க்கிறோம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ரோட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது.

அடுத்தது கடைசி பஸ். எங்கள் பக்கம் எட்டே முக்காலுக்குமேல் பஸ் கிடையாது. புகாரோடு போனால் "ஐயா வெளிய போயிருக்காரு, இருங்க" என்று உட்கார வைப்பது எதற்கு என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். எட்டு மணியானதும் கூட வந்த பெண்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிள்ளை ஞாபகம் வரும், எட்டரைக்கு ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். எட்டே முக்காலுக்கு நானும் புகார்தாரரும் மட்டும் இருப்போம். அப்போது ஐயா வந்துவிடுவார். கார் வந்த பிறகு இந்த விளையாட்டு செல்லவில்லை. போன மாதம் பதினொன்றரை வரை ஐந்து பேரும் உட்கார்ந்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம். நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், சலுகை அல்ல. ஆனால் அதற்காகப் பதினொன்றரை வரை உட்கார ஆள் வேண்டும், உட்கார்ந்தவர்களை வீட்டில் இறக்க வண்டி வேண்டும்.

எரிச்சலுக்கு வருகிறேன். சின்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முன் சீட்டில் கேஸ் கட்டுகளை வைத்தால் யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி கூவுகிறது. சீட் பெல்ட் போடச் சொல்லி. குற்றப்பத்திரிகைக்கு நான் பெல்ட் மாட்டித்தான் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறேன். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடுகிறது, பெட்ரோல் மிச்சமாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதை அணைக்கும் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டியிருக்கிறது. ஹாரன் சத்தம் நோஞ்சான்.

ஐந்து பேர் ஏறினால் காலனி ரோட்டில் அடி தட்டுகிறது. பிழை வண்டியுடையதா ரோட்டுடையதா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். ஊர்த்தெரு வரைக்கும் சிமென்ட் சாலை, அதுவரை தட்டவில்லை. வாய்க்கால் பாலம் தாண்டிக் காலனி ஆரம்பிக்கிற இடத்தில் முதல் தட்டு. இருபது வருடமாக டூவீலரில் குழியைச் சுற்றிச் சுற்றிப் போனதில் அந்த எல்லைக்கோடு எவ்வளவு துல்லியமானது என்று உடம்புக்குத் தெரியவில்லை, காருக்குத் தெரிகிறது. இத்தனைக்கும், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 13 சதவீதம் ஆயுள் வரி. சாலைக்கான வரியை ஆயுள் முழுவதற்கும் முன்பணமாகக் கட்டிவிட்டேன். சாலைதான் பாலத்தோடு நின்றுவிட்டது.

டிராக்டர் கதையைச் சொல்ல வேண்டும். நான் அடிக்கடி போகிற ஒரு காலனிக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் வழி. கார் வந்த பிறகு, சரியாக நான் போகிற நேரத்தில், தெருவின் குறுக்கே ஒரு டிரெய்லர் நிற்கத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு முழ இடைவெளி இருக்கும், டூவீலர் போகலாம். கார் போகாது. திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "சும்மா நிறுத்தி வெச்சிருக்கோம், டிரைவர் வருவான்" என்பார்கள். யாரும் திட்டவில்லை, தொடவில்லை. இருபது நிமிஷம், அரை மணி.

சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3-இல், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது: பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ அணிவதை, திருமண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். சைக்கிளும் செருப்பும் ஒரே வரியில். ஊர்வலம் இல்லாத சாதாரண நாளில் கார் ஓட்டுவதைப் பற்றி அந்த வரியில் வார்த்தை இல்லை. அதற்குப் பக்கத்து உட்பிரிவைப் பார்க்க வேண்டும். பொதுச் சாலையையும் பாதையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது அங்கே வருகிறது. இறங்கிப்போய் டிரெய்லர் நம்பரைக் குறித்துக்கொண்டு இதைத் திண்ணையில் சொன்னேன். டிரைவர் உடனே வந்துவிட்டான். அடுத்த வாரம் மறுபடி குறுக்கே நின்றது. இப்போது தேதி, நேரம், படம் என்று ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.

இன்னொரு எரிச்சல், நம் மொழிக்கே உரியது. புதுக் காரில் தெரியாத ஊருக்குள் போய் இறங்கினால் "வாங்க மேடம், உக்காருங்க" என்கிறார்கள். டீச்சரா, நர்ஸா, பஞ்சாயத்து ஆபீஸா என்று யோசிப்பது கண்ணில் தெரியும். "எந்த ஊரு?" சொல்வேன். "எந்தத் தெரு?" சொல்வேன். அதற்குப் பிறகு வருகிற வாக்கியத்தில் "ங்க" இருக்காது. "இன்னாம்மா, இன்னா விசயம்?" காரின் விலை அந்த இரண்டெழுத்துக்குக்கூடக் காணவில்லை.

பின் கண்ணாடியில் அண்ணல் படம் ஒட்டவில்லையா என்று கேட்கிறீர்கள். ரோடெல்லாம் வாளும் சிங்கமும் வம்சப் பெயரும் ஒட்டிய வண்டிகள் ஓடும்போது நாம் ஏன் ஒளிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. என் சொந்த வேலைக்கு மட்டும் ஓடுகிற வண்டியாக இருந்தால் ஒட்டியிருப்பேன். பதற்றமான ஊரிலிருந்து சாட்சியை ஏற்றிக்கொண்டு ஊர்த்தெரு வழியாக வர வேண்டிய வண்டி இது. படம் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. இதில் மாற்றுக் கருத்து உள்ள தோழர்களோடு சண்டை போட நான் தயாரில்லை.

அண்ணலைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 1901-இல் சிறுவனாக அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவிடம் போக வண்டி தேடினார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்குச் சம்மதித்தார்: வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், தான் கூட நடந்து வருவேன் என்று. 1929-இல் சாலிஸ்காவில், அதற்குள் வெளிநாட்டுப் பட்டங்கள் பெற்ற பாரிஸ்டர் அவர். அப்போதும் குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு ஓட்ட மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மாட்டோம். நம் மக்களில் ஒருவர், பழக்கமில்லாதவர், கயிற்றைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் சிக்கி அண்ணல் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. இந்த இரண்டு சம்பவங்களையும் தீண்டாமைக்குச் சாட்சியாகத்தான் மேடைகளில் சொல்கிறோம். ஓட்டத் தெரிந்த நம் ஆள் ஒருவர் இல்லாமல் போனதன் கதையாகவும் நான் இப்போது படிக்கிறேன். எங்கள் காலனியில் பதினெட்டு முடிந்த மூன்று பெண்பிள்ளைகளுக்கு எல்.எல்.ஆர். போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கிளட்சைத் தேய்க்கிறார்கள். வண்டிக்கு நல்லதல்ல, ஓட்டட்டும்.

கடைசியாக, இருப்பதிலேயே பெரிய எரிச்சல். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு வழக்கில் புகார்தாரர் அறுபது தாண்டிய பெரியம்மா. டி.எஸ்.பி. விசாரணை, கோட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம் என்று பலமுறை போய்வந்தாகிவிட்டது. பெரும்பாலும் என் காரில். பயணப்படி கேட்டு மனுக் கொடுத்தோம். அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் சன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதான் கார் வெச்சிருக்கீங்களே மேடம். அப்புறம் எதுக்கு?" கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே அது பதிலாகத் தோன்றியது.

1995-ஆம் வருட விதிகளில் விதி 11 என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தவர், சாட்சி ஆகியோருக்கு வீட்டிலிருந்து விசாரணை நடக்கும் இடத்துக்குப் போய்வர ரயில் கட்டணம், அல்லது ஆன பஸ் அல்லது டாக்ஸி செலவு. ஆம், டாக்ஸி என்றே எழுதியிருக்கிறது. விசாரணை அதிகாரி, எஸ்.பி., ஆட்சியர் ஆகியோரைப் பார்க்கப் போக வாகன வசதியை நிர்வாகமே செய்துதர வேண்டும், அல்லது முழுச் செலவையும் திருப்பித் தர வேண்டும். பெண்கள், சிறார், அறுபது வயதைக் கடந்தவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்கள் தாங்கள் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். துணைக்கு வருபவருக்கும் செலவு உண்டு. போகிற நாளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படி உண்டு. இதெல்லாம் உடனே, தாமதமானாலும் மூன்று நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். கார் வைத்திருக்கும் தோழி இருந்தால் கிடையாது என்று எந்த உட்பிரிவிலும் இல்லை.

ஆனால் நடைமுறையில் என் கார் ஒரு ஓட்டையைத் திறந்துவிடுகிறது. வெள்ளை போர்டு வண்டிக்கு வாடகை பில் போட முடியாது. பில் இல்லாவிட்டால் "ஆன செலவு" என்று காட்ட எதுவும் இல்லை. அரசு தர வேண்டிய பயணத்தை என் பெட்ரோலும் தவணையும் தருகின்றன, கோப்பில் ஒரு பைசா செலவாகவில்லை என்று பதிவாகிறது. இப்படி மாவட்டம் மாவட்டமாக நம் தோழர்களின் டூவீலர்களும் கார்களும் எத்தனை வருடமாக விதி 11-ஐ இலவசமாக நிறைவேற்றிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கார் இல்லாத ஊரின் பெரியம்மாவுக்கும் இதே பதில்தான் போகும், வேறு காரணத்தோடு.

அதனால் ஒரு பிரிவினை செய்திருக்கிறோம். ராத்திரி ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, முதல் வாக்குமூலம் இதற்கெல்லாம் கார் போகும். தேதி குறித்த விசாரணைக்கும் வாய்தாவுக்கும் போகாது. அதற்கு டி-போர்டு டாக்ஸி, பில், துணைக்கு வருபவரின் பெயர் எழுதிய மனு, நகலில் தேதி முத்திரை. முன்பணத்தைச் சங்கத்திலிருந்து கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் நினைவூட்டல் கடிதம். அலுவலகம் தராவிட்டால் சிறப்பு நீதிமன்றத்தில் பிரிவு 15அ-வின் கீழ் மனு. பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் கிடைக்கச் செய்வது அந்த நீதிமன்றத்தின் கடமை என்று அதில் இருக்கிறது.

அடுத்த வாய்தா 14-ஆம் தேதி. பெரியம்மா மகளோடு டாக்ஸியில் வருகிறார். "உன் வண்டி சும்மா நிக்கும்போது எதுக்குடி காசக் கொட்ற?" என்று இரண்டு நாளாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் பஸ்ஸில் போகிறேன்.