புலிக்கு ஆன செலவு

ஒரு பையன், ஒரு படகு, ஒரு புலி. மற்றதெல்லாம் கடல். இப்படி ஒரு கதையைக் கேட்கும் தயாரிப்பாளர் முதலில் சந்தோஷப்படுவார். நட்சத்திரம் வேண்டாம், மாளிகை செட் வேண்டாம், நூறு துணை நடிகர்களுக்குச் சாப்பாடு போட வேண்டாம். சற்று நேரம் கழித்துத்தான் சந்தேகம் வரும். பையன் கிடைப்பான், படகும் கிடைக்கும். புலியைப் படகில் உட்கார வைப்பது யார்? 2012-ல் வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தின் தயாரிப்புச் செலவு சுமார் 12 கோடி டாலருக்குப் போனதில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு.

உயிர் பிழைக்கும் கதைகளை மலிவானவை என்று நினைப்பது பழைய மயக்கம். 2000-ல் வந்த 'காஸ்ட் அவே' படத்தின் பெரும் பகுதியில் டாம் ஹாங்ஸ் தனியாக ஒரு தீவில் இருக்கிறார். பேச்சுத் துணைக்கு ஒரு வாலிபால். செலவோ ஏறத்தாழ 9 கோடி டாலர். அவர் உடல் மெலிந்து தாடி வளர்ப்பதற்காகப் படப்பிடிப்பையே ஓராண்டு நிறுத்தி வைத்தார்கள். சிக்கனமாகவும் எடுக்கலாம். 2013-ல் ராபர்ட் ரெட்ஃபோர்டை மட்டும் ஒரு பாய்மரப் படகில் ஏற்றி எடுத்த 'ஆல் இஸ் லாஸ்ட்' ஒரு கோடி டாலரைக்கூட எட்டவில்லை. வசூலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்தப் படகில் புலி கிடையாது.

யான் மார்டெலின் நாவல் 2001-ல் வெளிவந்து அடுத்த ஆண்டே புக்கர் பரிசு பெற்றது. உரிமையை வாங்கிய ஃபாக்ஸ் 2000 நிறுவனத்திற்கு அதன் பிறகு தூக்கமில்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன் வந்தார், போனார். மெக்சிகோவின் அல்ஃபோன்ஸோ குவாரோனும் பிரான்சின் ழான் பியர் ழெனேயும் அப்படியே. 2009-ல் ஆங் லீ வந்தார். பட்ஜெட்டைப் பார்த்து ஸ்டூடியோ பின்வாங்கத் தொடங்கியதும், கடலில் நடக்கும் பகுதி முழுவதையும் கம்ப்யூட்டரில் கோட்டுச் சித்திரம் போல அசைய விட்டுக் காட்டி நம்பிக்கை கொடுத்தார்.

2011 ஜனவரியில் புதுச்சேரியில் படப்பிடிப்பு தொடங்கியது. பை படேலாக நடித்த சூரஜ் சர்மா டெல்லி மாணவர், தம்பிக்குத் துணையாகத் தேர்வுக்குப் போனவர், நீச்சல் தெரியாதவர். கடல் பகுதிக்காகப் படக்குழு தைவானுக்குப் போனது. தைச்சுங் நகரில் கைவிடப்பட்ட ஒரு விமான நிலையத்தில் 75 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டி கட்டப்பட்டது. 17 லட்சம் காலன் தண்ணீர். விதவிதமான அலைகளை எழுப்ப இயந்திரங்கள். நிஜக் கடலில் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். நிஜக் கடல் இயக்குநர் சொன்ன நேரத்தில் சொன்ன உயரத்திற்கு எழும்பாது. சும்மா காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் யூனிட்டுக்குச் சம்பளம் ஏறிக்கொண்டிருக்கும். கணக்குத் தெரிந்தவர்கள் தொட்டிதான் கட்டுவார்கள்.

தொட்டியில் இருந்தது தண்ணீரும் படகும் பையனும்தான். வானம், தொடுவானம், மீதிக் கடல் எல்லாம் பின்னால் சேர்க்கப்பட்டவை. நிஜப் புலிகள் சில ஷாட்களில் மட்டும் வருகின்றன, அப்போதும் பையன் அருகில் இல்லை. மற்ற இடங்களில் ரிச்சர்ட் பார்க்கர் என்கிற அந்த வங்கப் புலி, லாஸ் ஏஞ்சல்ஸின் 'ரிதம் அண்ட் ஹியூஸ்' நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் பிறந்தது. அதன் மும்பை, ஹைதராபாத் கிளைகளில் இருந்த இளைஞர்களுக்கும் இந்தப் படத்தில் பங்கு உண்டு. நனைந்த புலி, காய்ந்த புலி, பசியில் விலா எலும்பு தெரியும் புலி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்தார்கள். தோலில் சுமார் ஒரு கோடி முடி. ஈரத்தில் அவை ஒட்டிக்கொள்ள வேண்டும், காற்றில் பிரிய வேண்டும். பார்க்கிறவருக்கு இதில் எதுவும் தெரியக்கூடாது என்பதுதான் இந்த வேலையின் இலக்கணம். நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

படம் ஓடியது. இந்தியாவில் ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கிலும். தொடக்கத்தில் பாம்பே ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. உலக வசூல் சுமார் 61 கோடி டாலர். இதில் அமெரிக்காவும் கனடாவும் கொடுத்தது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி, ஏறக்குறைய 12.5 கோடி, மீதி வெளிநாடுகள். சீனாவில் மட்டும் 9 கோடி.

12 போட்டு 61 எடுத்தார்கள் என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது பத்திரிகை வழக்கம். சினிமா வியாபாரத்தில் இதைவிட ஏமாற்றும் கணக்கு இல்லை. 61 என்பது டிக்கெட் கவுன்ட்டரில் விழுந்த பணம். அமெரிக்காவில் அதில் பாதிக்குச் சற்று முன்பின்னாகத் தியேட்டர்காரர்களுக்குப் போகிறது. பல நாடுகளில் இன்னும் அதிகம். சீனாவிலோ, 2012-ல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வெளிநாட்டு ஸ்டூடியோவுக்கு வசூலில் 25 சதவீதம்தான். (அதற்கு முன் இன்னும் குறைவு. அந்த வகையில் படம் நல்ல நேரத்தில் வந்தது.) ஆகவே அந்த 9 கோடியில் கைக்கு வந்தது இரண்டேகால் கோடி இருக்கலாம். மறுபக்கம், 12 கோடி என்பது படம் எடுத்த செலவு மட்டுமே. ஊர் ஊராக விளம்பரம் செய்ததும் பிரதிகள் அனுப்பியதும் அதில் இல்லை. இவ்வளவையும் கழித்தாலும் ஃபாக்ஸுக்கு நஷ்டம் என்று யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. லாபம்தான்.

புலி செய்தவர்களின் கதை வேறு. 2013 பிப்ரவரி மத்தியில், ஆஸ்கர் விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், ரிதம் அண்ட் ஹியூஸ் திவால் மனு கொடுத்தது. சுமார் 250 பேர் வேலையை இழந்தார்கள். 1987-ல் தொடங்கிய நிறுவனம், 'பேப்' படத்தின் பேசும் பன்றிக்குட்டிக்கு ஆஸ்கர் வாங்கிய நிறுவனம், ஊழியர்களை மரியாதையாக நடத்துவதாகப் பெயரெடுத்த நிறுவனம். அந்தப் பெயரும் செலவுள்ளதுதான்.

இந்த ஒரு படம்தான் அதைக் கவிழ்த்தது என்று சொல்ல முடியாது. வேறு படங்கள் தள்ளிப்போயின. வேலை இல்லாத மாதங்களிலும் ஆட்களை வைத்துக்கொண்டு சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் தொழிலின் அமைப்பே அந்தத் திசையில்தான் தள்ளுகிறது. விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் ஒரு படத்தின் வேலையை இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. பிறகு இயக்குநர் மனம் மாறினாலும், வெளியீட்டுத் தேதி மாறினாலும், தொகை எளிதில் மாறாது. வீடு கட்டும் மேஸ்திரியிடம் மொத்தத் தொகைக்குப் பேசி முடித்துவிட்டு, சமையலறையை நாலு முறை இடித்துக் கட்டச் சொன்னால் எப்படியோ அப்படி. மேஸ்திரியாவது நடுவில் நிறுத்திவிட்டுப் போகலாம்; இவர்கள் போனால் அடுத்த படம் கிடைக்காது. லண்டனிலும் வான்கூவரிலும் அரசாங்க வரிச் சலுகையோடு போட்டியாளர்கள் காத்திருக்கிறார்கள். படம் 61 கோடி வசூலித்தாலும் 6 கோடி வசூலித்தாலும் பேசிய கூலிதான். பெரிய நடிகர்கள் சிலருக்கு லாபத்தில் பங்கு உண்டு, புலிக்கு இல்லை.

பிப்ரவரி 24 அன்று 'லைஃப் ஆஃப் பை' நான்கு ஆஸ்கர் வென்றது. அரங்கத்திற்கு வெளியே சில நூறு விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் பதாகைகளோடு நின்றார்கள். உள்ளே, விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர் தம் நிறுவனம் இருக்கும் நிலையைச் சொல்லத் தொடங்கினார். நேரம் முடிந்தது என்று காட்ட அந்த ஆண்டு 'ஜாஸ்' படத்தின் சுறா இசையை ஒலிக்க விட்டார்கள். அது ஒலித்தது. மைக் அணைந்தது. நேரக் கட்டுப்பாடு எல்லாருக்கும் பொது என்பது உண்மைதான். இருந்தாலும் அரங்கத்தில் அன்று நேரம் போதாமல் போனவர்களில் திவாலான கம்பெனிக்காரர் இவர் ஒருவர்தான். விஷுவல் எஃபெக்ட்ஸ் இன்னும் மலிவாக வேண்டும் என்று ஆங் லீ அந்த நாட்களில் சொன்ன வார்த்தை கலைஞர்களைக் கொதிக்க வைத்தது. அவர் மேல் கோபம் கொள்வது எளிது. மலிவாக இருந்தால்தானே இப்படி ஒரு படத்தை எடுக்க ஒரு ஸ்டூடியோ துணியும் என்பது இயக்குநரின் நியாயம். மலிவு யாருடைய சம்பளத்திலிருந்து வரும் என்பது அவர் நேரடியாகப் பார்க்காத பக்கம்.

ரிதம் அண்ட் ஹியூஸை அடுத்த மாதமே பிராணா ஸ்டூடியோஸ் குழுமம் ஏலத்தில் வாங்கியது. படம் எடுத்த ஃபாக்ஸ் 2000-ஐ, 2019-ல் தாய் நிறுவனத்தை வாங்கிய டிஸ்னி மூட முடிவு செய்தது. கப்பல் மூழ்கும் அந்தப் புயல் காட்சியைச் செய்தது இன்னொரு நிறுவனம், எம்.பி.சி. அன்று மேடையேறிய நால்வரில் அதன் ஆள் ஒருவரும் உண்டு. எம்.பி.சி.யின் தாய் நிறுவனமான டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் சரிந்தது. லண்டனோடு சேர்ந்து பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்.