போகும் சாயம், ஓடும் சாயம்

சரோஜினி நகர் மார்க்கெட்டில் அந்தத் தமிழ் நர்ஸிடம் எந்தக் கடைக்காரரும் எளிதில் தப்ப முடியாது. “சாயம் போகுமா? தையல் விட்டிருக்கிறதே” என்று இந்தியில் மடக்கி, 150 ரூபாய் குர்தாவை 100க்கு இறக்கிவிடுவார். வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியில் ஆங்கிலம். மூன்றுக்கும் தனித்தனி அறைகள். நடுவே கதவு இல்லை.

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வில் 9க்கு 7 வேண்டும். 11 முதல் 14 நிமிடம் நடக்கும் தேர்வு. நடுவில் ஓர் அட்டை தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம். பேச இரண்டு நிமிடம் வரை. பயிற்சியில் அவருக்கு வந்தது கடைவீதி. நாற்பதாவது விநாடியில் சரக்கு தீர்ந்தது. ‘நைஸ்’, ‘சீப்’, மறுபடியும் ‘நைஸ்’. உடம்பின் ஒவ்வொரு எலும்புக்கும் ஆங்கிலப் பெயர் தெரிந்தவருக்குச் சாயம் போவதைச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் கடினமான சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போட்டார். கத்திரிக்காய்க்கு முன்னால் ‘ப்ளெதோரா’ வந்து நின்றபோது கணவரே சிரித்துவிட்டார். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பு. சொல்வளம் என்பது பெரிய சொல் அல்ல. எந்தச் சொல்லோடு எது சேரும், சொல் கிடைக்காதபோது சுற்றிவளைத்தாவது விளக்க முடிகிறதா என்பதையே பார்க்கிறார்கள்.

பட்டியல் போய், கைப்பைக்குள் ஒரு சின்ன நோட்டு வந்தது. தினம் ஐந்து வாக்கியம், மார்க்கெட்டிலிருந்தே. தமிழில் போகிற சாயம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. நாம் குறைக்கிற விலையை அவர்கள் தட்டி இறக்குகிறார்கள். பேசிய பேரத்தையே வீடு திரும்பும்வரை ஆங்கிலத்தில் முணுமுணுத்தபடி நடப்பார்.

தேர்வில் வந்த அட்டை, சிறு வயதில் வாழ்ந்த வீடு. அப்பாவுக்குக் கிடைத்த சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸ். 2016இல் அனுமதி பெற்ற மறுசீரமைப்பில் இடிபட்டுப் போனது. மொட்டைமாடியில் அம்மா வடாம் பிழிந்ததைச் சொல்ல வந்தார். வடாமுக்கு ஆங்கிலச் சொல் இல்லை. கூழ் காய்ச்சி, துணியில் பிழிந்து, வெயிலில் உலர்த்தி, காக்கை விரட்டக் குழந்தைகளைக் காவல் வைத்தது வரை விளக்கினார்.

நேரம் முடிந்ததென்று தேர்வாளர் சொன்னபோதுதான் நிறுத்தினார்.