ராத்திரி நேரத்தையும் சேர்த்து

வடசென்னை கல்மண்டபம் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் கேட்டார்: "இன்னாப்பா, உங்க ஜெர்மனில வயசானவங்கள ஹோம்ல கொண்டு போய் தள்ளிடுவாங்களாமே?"

22 வருடங்களுக்கு முன் ஹாம்பர்க் போனபோது நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2023 முடிவில் அந்த நாட்டில் அன்றாடப் பராமரிப்பு தேவைப்பட்டவர்கள் சுமார் 57 லட்சம் பேர். அதில் 86 சதவீதம் பேர் வீட்டில்தான் இருந்தார்கள். மனைவியோ, மகளோ, மருமகளோதான் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறார்கள். பெரியவர் நம்பவில்லை. இதை எனக்குப் புரியவைத்தது எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி.

ஹாம்பர்கின் பார்ம்பெக் பகுதியில் செங்கல் கட்டடம், லிஃப்ட் கிடையாது. பாட்டி 84 வயதில் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். மகள் தன் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்த நாட்டின் பராமரிப்புக் காப்பீட்டின் சார்பில் ஒருநாள் ஒரு பெண்மணி வந்தார். மகள் கேட்டுக்கொண்டதால் நானும் உடன் உட்கார்ந்திருந்தேன். நோயைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து தானாக எழ முடிகிறதா, பொத்தான் போட முடிகிறதா, கழிவறைக்கு யார் கூட்டிப்போவது, மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது, ராத்திரி எத்தனை தடவை மகளை எழுப்புகிறீர்கள்? ஆறு பிரிவுகள், மொத்தம் 100 புள்ளி. குளிப்பது, உடுப்பது, உண்பது போன்ற சொந்தக் காரியங்களுக்கு மட்டும் 40 சதவீத எடை.

புள்ளிகளின்படி பாட்டிக்கு மூன்றாம் நிலை கிடைத்தது. மொத்தம் ஐந்து நிலைகள். வீட்டார் பார்த்துக்கொண்டால் மூன்றாம் நிலைக்கு மாதம் 599 யூரோ பணமாக வரும். ஆள் வந்து பார்க்கட்டும் என்றால் 1497 யூரோ வரைக்கும் அந்தச் சேவைக்குக் காப்பீடே கொடுத்துவிடும். குளியலறையை மாற்றிக் கைப்பிடி வைக்க 4180 யூரோ வரை உண்டு. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இது எதுவும் அல்ல. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் காலத்துக்கு மகளின் ஓய்வூதியக் கணக்கில் அந்தக் காப்பீடே பணம் கட்டுகிறது. வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது பார்க்க வேண்டும், வெளி வேலை 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இவைதான் முக்கிய நிபந்தனைகள்.

இந்தப் பணம் எங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. 1995இல் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, முதலாளிகள் கட்ட வேண்டிய பங்கை ஈடுகட்ட, நவம்பரில் ஒரு புதன்கிழமை வரும் பிரார்த்தனை நாள் விடுமுறையையே எடுத்துவிட்டார்கள். சாக்சனி மாநிலம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே தொழிலாளர்கள் கூடுதலாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் புதன்கிழமை கிடங்குக்கு வேலைக்குப் போகும்போது, முகம் தெரியாத யாரோ ஒரு கிழவிக்காகவும் வேலை செய்கிறேன் என்ற எண்ணம் எனக்கு வரும். குறை இல்லாமல் இல்லை. முதியோர் இல்லத்தில் சேர்ந்தால் சொந்தக் கையிலிருந்து மாதம் 3000 யூரோ அளவுக்குப் போகிறது. வேலைக்கு ஆள் போதவில்லை. கேரளத்திலிருந்து நர்ஸுகளைக் கூப்பிடுகிறார்கள்.

இங்கே கல்மண்டபத்தில், 2022இல் அம்மா எங்கள் வீட்டு மாடிப்படியில் சறுக்கி விழுந்தார். ஒரு ஆள் ஒருக்களித்து ஏறும் படி அது. இடுப்பு எலும்பு ஆபரேஷனை நன்றாகவே செய்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. தங்கச்சி எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். பதினோரு வருஷ வேலையை விட்டாள்; பி.எஃப். கணக்கு அன்றோடு நின்றது. நான் அனுப்பிய பணத்தில் ஆள் போட்டோம், மூன்று வாரத்தில் நின்றுவிட்டார். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோதெரபி பெண் அம்மாவை வாக்கர் பிடித்து நிற்க வைத்தார். அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவர் போன பிறகு மிச்சமிருக்கிற இருபத்துமூன்று மணி நேரம்?

"அம்மாவத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போயிடும் போலகீதுண்ணா" என்றாள் தங்கச்சி. அவளுக்கு வயது 47.

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782இல் பஞ்சத்தில் ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. சத்திரம் பிற்காலத்திலும் ஆதரவற்ற முதியோருக்கு இடம் கொடுத்தது. அரசு தரும் 1200 ரூபாய் முதியோர் ஓய்வூதியமும் (ஓ.ஏ.பி.) ஆதரவற்றவர்களுக்குத்தான். ஆக, ஆதரவில்லாதவரை இந்த ஊர் இருநூறு வருஷத்துக்கும் மேலாக அடையாளம் கண்டுகொள்கிறது. ஆதரவு உள்ளவரின் வீட்டில் அந்த ஆதரவாக நிற்கிற ஒருத்தி மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவள் செய்வதற்குப் பாசம் என்று பேர் வைத்துவிட்டோம். பாசம்தான். பாசத்துக்கும் முதுகெலும்பு தேயும்.

2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்கு 13க்கும் மேல். இந்த விகிதத்தில் நமக்கு முன்னால் கேரளம் மட்டும்தான். ஜெர்மனியின் தொகையை நாம் கேட்க முடியாது. சம்பளத்தில் பிடித்தம் செய்ய, காசிமேட்டில் மீன் சுமக்கிறவருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. ஆனால் வீட்டில் பெண் செய்வதும் உழைப்புதான் என்று சொல்லி, 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை கொடுக்க ஆரம்பித்த மாநிலம் இது. இனி அடுத்த படி, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவளின் பி.எஃப். கணக்கில் அரசு தொடர்ந்து பணம் கட்டுவது. வருஷத்தில் இரண்டு வாரமாவது அவளுக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்புவது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாகப் போய் பிரஷர் பார்க்கிற பெண்களே பாட்டிக்குக் கேட்ட அந்தக் கேள்விகளையும் கேட்கலாம்.

போன மாதம் அந்த ஜெர்மன் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தங்கச்சிக்குப் போன் செய்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டேன். என் கணக்குக்கு அம்மாவுக்கு 74 புள்ளி வந்தது, நான்காம் நிலை. பார்த்துக்கொள்பவர் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதவும் இடம் இருந்தது.

"பேரு, அம்மா பேரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, உன் பேரு."

கொஞ்ச நேரம் மார்க்கெட் இரைச்சல்தான் கேட்டது. பிறகு கேட்டாள்:

"ராத்திரி நேரத்தயும் சேக்கணுமாண்ணா?"