குழாய் கட்டியவரின் காது

சென்ற மாதம் ஒரு ஜோடி ஒலிபெருக்கி வாங்கினேன். விலை ஓர் இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய். அதுவும் ஒருவர் பயன்படுத்திக் கைமாற்றியது. ஆய்வு உதவித்தொகையில் மூன்றாண்டுகளாக மிச்சம் பிடித்த பணம். "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்ட நண்பர்களுக்கு நேரில் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

என் தந்தை தாராவியில் மைக் செட் வைத்திருந்தவர். அம்மன் கொடை, பிள்ளையார் சதுர்த்தி, சடங்கு வீடு, தேர்தல் கூட்டம் என்று எங்கே அழைத்தாலும் கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுவார். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, பிறகுதான் மற்றவை. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்தபோது, அந்தத் தெருவில் கடிகாரத்தைப் பார்த்துக் குமிழைத் திருப்பிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

குழாய் ஒலிபெருக்கியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. உள்ளே அதிர்வது சிறு தகடுதான். அது வெட்டவெளிக் காற்றில் நேரடியாக அதிர்ந்தால் அதன் உழைப்பில் பெரும்பகுதி வீண். மெல்ல விரியும் கூம்பு, தகட்டின் அசைவைப் படிப்படியாகக் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஒரு வாட் மின்திறனில், ஒரு மீட்டர் தொலைவில் நூறு டெசிபலைத் தாண்டுகிறது. ஊர் முழுக்கக் கேட்பதன் இரகசியம் அவ்வளவே. அதற்கு விலையும் உண்டு: அடிநாதம் போய்விடும், உச்சியில் உள்ள நுண்ணொலிகளும் போய்விடும். குரல் மட்டும் கூர்மையாக எஞ்சும்.

இன்னொரு விலையைத் தந்தை தனியாகக் கொடுத்தார். சென்ற ஆண்டு செவித்திறன் சோதனை செய்தபோது வரைபடத்தின் கோடு 4,000 ஹெர்ட்சில் கிணற்றில் இறங்குவது போல் இறங்கியிருந்தது. பேரொலியில் வாழ்ந்த காதுகளில் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பள்ளம் விழும். ச, த, ட போன்ற மெய்களின் தெளிவும் அந்த உயரத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் பாட்டு ஓடினால், "இரைச்சலாத்தான் இருக்கு, வார்த்த வரமாட்டேங்கு" என்று எழுந்து போய்விடுவார்.

கிங்ஸ் சர்க்கிள் நிலையத்துக்கு அருகே தரைத்தளத்தில் நாங்கள் இருக்கும் வாடகை அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. விற்க முன்வந்த பெரியவரிடம் இரண்டு ஜோடிகள் இருந்தன. ஒன்று மார்பளவு உயரம், தேக்கு நிறம், பார்த்தால் வணங்கத் தோன்றும். "சண்முகானந்தாவில் உட்கார்ந்து கேட்பது போலிருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. 1963இல் திறந்து, 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் எழுந்த அந்த அரங்கில் 2,763 இருக்கைகள். மேல்மாடத்தின் கடைசி வரிசைக்கு ஒரு வீணை ஒலிவாங்கியின் துணையில்லாமல் போய்ச் சேருமா? நாம் நேரடிக் கச்சேரி என்று நினைவில் வைத்திருப்பதும் இன்னொரு ஒலிபெருக்கியின் ஒலியைத்தான். உயர்ரக ஒலிக்கருவி பேசும் நண்பர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அந்த உயரப் பெட்டியை நான் மறுத்ததற்கு மூன்று காரணங்கள். மழைக்காலத்தில் காந்தி மார்க்கெட் பக்கம் தேங்கும் நீரை அறிந்தவர்களுக்கு முதல் காரணம் விளங்கும். தரையில் நிற்கும் எதையும் தரைத்தளத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. இரண்டாவது, கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் விளிம்பு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. பலபடிகளைப் பற்றி ஆய்வு செய்பவன் என்பதால் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன், பொடி ஒட்டியது. எஸ்டர் வகை நுரையின் பிணைப்பைக் காற்றின் ஈரமே காலப்போக்கில் பிளந்துவிடும். மும்பையில் ஈரத்துக்கா பஞ்சம்? வாங்குகிறவர்கள் இரப்பர் விளிம்பைத் தேடுவது நல்லது.

மூன்றாவதுதான் முதன்மையானது. பன்னிரண்டடி நீளம் ஏறத்தாழ 47 ஹெர்ட்சிலும், பத்தடி அகலம் 56 ஹெர்ட்சிலும் தானாகவே முழங்கும். பெரிய பெட்டி அந்த ஒலிகளை வாரி இறைத்தால் அறை அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது. கீழ்ஸ்தாயியின் முழக்கம் மேலுள்ள ஒலிகளை மூடிவிடும்; நல்ல காதுக்கே இது தொல்லை. ஏற்கெனவே மெய்யெழுத்துகளைத் தவறவிட்டுக்கொண்டிருப்பவருக்கு எஞ்சியதும் போய்விடும். இழந்த கேள்வியை எந்த ஒலிபெருக்கியாலும் திருப்பித்தர முடியாது. எஞ்சியதன் மேல் போர்வை போடாமல் இருக்கலாம்.

ஆகவே இரண்டாவது ஜோடி. எல்.எஸ்.3/5ஏ என்று பி.பி.சி.யின் பொறியாளர்கள் 1970களில் வரைந்த வடிவத்தில் செய்யப்பட்டது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள், எங்கள் அறையைவிடக் குறுகலான இடத்தில் வைத்துக் கேட்பதற்காகப் பிறந்தது. முற்றும் மூடிய பெட்டி, ஓரடி உயரம். பேச்சுக்குரல் பேச்சுக்குரலாகவே கேட்க வேண்டும் என்பதில் அவர்களுக்குப் பிடிவாதம் அதிகம். குறையும் உண்டு: ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 83 டெசிபல்தான். தந்தையிடம் சொன்னபோது, "கொழாய்க்கு முன்னாடி இது ஊமைல்லாலே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மேசைமேல் வைத்தேன். அவர் ஒப்பவில்லை. இரண்டு முக்காலிகளை இழுத்துப் பெட்டிகளை ஏற்றி, தம் காதின் உயரத்துக்குப் பழைய செய்தித்தாள்களை மடித்து அடியில் கொடுத்தார். பிறகு இரண்டையும் உள்நோக்கிச் சற்றே திருப்பினார். எந்த நூலும் சொல்லித் தரவில்லை. முப்பது ஆண்டுகள் கம்பத்தில் குழாயின் முகத்தைத் திருப்பிய கை.

சீர்காழியாரைத்தான் போட்டேன். முதல் சரணம் வரை அசையவில்லை.

"வார்த்த கேக்குதாப்பா?"

"கேக்கு. கொஞ்சம் கேக்கு." சற்று நேரம் கழித்து, "ஏலே, கீழ ஒரு அடி விழுதே, அது என்னது?"

மிருதங்கத்தின் தொப்பி. ஆயிரம் முறை அவரே ஓடவிட்ட பாட்டு. குழாய் அந்த அடியை ஒருநாளும் அவருக்குத் தந்ததில்லை.

மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். நான்காவது முறை பாதியில் எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. குமிழைத் தாமே குறைத்தார்.