இழையும் பிசினும்

புதுச்சேரியை அடுத்த உழவர்கரை, தன் பெயரிலேயே உழவைத் தாங்கி நிற்கும் ஊர். இன்று அவ்வூர் வீதிகளில் மின்கலத்தால் இயங்கும் வண்டிகள் ஓசையின்றி ஓடுகின்றன. இத்தகைய வண்டிகளை வடிவமைப்போர்க்கு வாய்த்த பெருந்தடை யாதெனின், எடையே. பெட்ரோல் செலவாகச் செலவாகச் சுமை குறையும். மின்கலமோ ஆற்றல் தீர்ந்த பின்னும் எடை குறையாது. நெடுந்தொலைவு செல்ல வேண்டிக் கலத்தைப் பெரிதாக்கினால், கூடிய எடையைச் சுமக்கவே ஆற்றலின் ஒரு பகுதி செலவாகும். ஆதலின், கலத்தைத் தாங்கும் வண்டியின் உடல் இலேசாதல் வேண்டும், உறுதியும் குன்றலாகாது.

இதற்கு அறிஞர் மேற்கொண்ட வழி, மண்சுவர் எழுப்பிய முன்னோர் அறிந்ததே. குழைத்த மண் தனியே காயின் வெடிக்கும். வைக்கோல் தனியே சுமை தாங்காது. வைக்கோலை நறுக்கி மண்ணிற் கலப்பின், வைக்கோல் இழுவிசையைத் தாங்கும். மண் அதனை இறுகப் பற்றும். வைக்கோலுக்கு ஈடாகக் கண்ணாடியிழையும், மண்ணுக்கு ஈடாகப் பிசினும் கொண்டு ஆக்கப்பட்டதே புதுச்சேரி மீனவர் செலுத்தும் பைபர் படகு.

கண்ணாடியிழையினும் இலேசானது கார்பன் இழை. அதனைப் பிசினோடு சேர்த்து இறுக்கிய பொருள், அதே அளவுள்ள எஃகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். விசை வரும் திசையறிந்து இழையைக் கிடத்துவர். வேண்டுமிடத்து அடுக்கைக் கூட்டுவர். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஐ3 என்னும் மின்மகிழுந்தில், பயணிகள் அமரும் கூடு இப்பொருளால் ஆயது. மின்கலம் மட்டுமே 200 கிலோவுக்கு மேற்பட்டும், அவ்வண்டியின் மொத்த எடை ஏறத்தாழ 1,200 கிலோ அளவில் நின்றது. 2022 வரை அது ஆக்கப்பட்டது.

ஆயினும், இப்பொருளுக்கு விலை மிகுதி. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இடிந்த சுவரின் மண்ணை மீளக் குழைக்கலாம். பழைய எஃகை உருக்கி வார்க்கலாம். இவ்வாறு இறுகிய பிசினோ உருகாது. மண்ணில் எளிதில் மக்காது. இழையைப் பிரித்தெடுத்தலும் அரிது. புகையின்றி ஓடிய வண்டி, ஓய்ந்த பின் நிலத்துக்குச் சுமையாதல் தகுமோ? இணைக்கும் கலையை மாந்தர் கற்றனர். இணைந்ததைச் சேதமின்றிப் பிரிக்கும் கலை இன்னும் முற்றுப்பெறவில்லை. அக்கலையை நிறைவு செய்தல், இன்று பயிலும் மாணவர் நாளை ஏற்க வேண்டிய பணியாகும்.