கூலிமில் சில்லு, தோட்டத்தில் லைன் இல்லை

மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா நம் கூலிமில்தான் 1996இல் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் அங்கே சிலிக்கன் கார்பைடு சில்லு ஆலையைத் திறந்தபோது, கெடாக்காரனாக எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அதே கெடாவில், செம்பனை சூழ்ந்த சில தோட்டங்களில் கைப்பேசி லைன் கிடைக்க இன்னமும் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் பாடமெல்லாம் புலனத்துக்கு மாறியது. வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தால்தான் பிள்ளைகளுக்கு. அந்த ஆண்டே இணைய வசதியை மேம்படுத்தும் ஜெண்டேலா திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 இறுதிக்குள் 3ஜி நிறுத்தப்பட்டு 4ஜி விரிவானது. நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய கைப்பேசி வைத்திருந்த பாட்டிமாருக்குப் புதியது வாங்கக் காசு வேண்டுமே!

அரசாங்க உதவித்தொகைக்கும் பெரும்பாலும் இணையத்தில்தான் விண்ணப்பம். லைன் இல்லாத வீடு உரிமையையே இழக்க நேரிடலாம்.

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளே, ஊருக்குப் போகும்போது எங்கே லைன் இல்லை என்று குறித்து, தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் புகார் கொடுங்கள். பெரியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுங்கள். கேட்காமல் எதுவும் தோட்டத்துக்கு வந்ததில்லை.