அறுபதில் நடுங்கிய பிள்ளையார்

2023ஆம் ஆண்டின் இறுதியில், தில்லி மயூர் விஹாரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரின் மாருதி ஜிப்ஸிக்கு நான்கு மாதமே எஞ்சியிருந்தது. 2009இல் பதிவான பெட்ரோல் வண்டி அது. தலைநகரில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு, டீசலுக்குப் பத்து ஆண்டு என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்து, 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த, அப்போது நடப்பிலிருந்த வரம்பு. உடைப்புக்குக் கொடுக்கலாம், அல்லது தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாம். அவர் மதுரைக்குக் கொண்டுபோகவே எண்ணியிருந்தார். லாரியில் ஏற்றியன்று, தேசிய நெடுஞ்சாலை 44இல் தாமே ஓட்டிச்சென்று. மனைவி இருந்தவரை இருவரும் அதே வண்டியில் ஸ்பிதி வரை போய்வந்தவர்கள். டேஷ்போர்டில் நின்ற பித்தளைப் பிள்ளையார் அந்த அம்மையார் ஒட்டியது.

அந்தப் பிள்ளையார்தான் நடுங்கத் தொடங்கினார். வேகமுள் ஐம்பத்தைந்தைத் தொட்டதும் தரையிலிருந்து ஒரு ரீங்காரம் எழும். அறுபதில் இருக்கையையும் டேஷ்போர்டையும் சேர்த்து உலுக்கும். எழுபதைத் தாண்டினால் சற்றுத் தணியும். சக்கரங்களுக்குப் பேலன்சிங் பார்த்தாயிற்று, பயனில்லை. ஒரு பணிமனையில் கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை வண்டியின் விலையில் பாதிக்கு மேல். "அப்பா, வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வந்துவிடுங்கள்" என்றாள் மதுரையிலிருந்த மகள்.

வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்போனது காஷ்மீரி கேட். அங்கே ஒரு சந்தில் தொழில்செய்த முதிய மிஸ்திரியிடம் யாரோ அனுப்பிவைத்தார்கள். அவர் கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. "பாபுஜி, முதலில் ஓட்டுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்" என்றார். மறுநாள் விடியலில், ரிங் ரோடு நிறையுமுன் இருவரும் புறப்பட்டார்கள்.

நான்காம் கியரில் அறுபது. பிறகு மூன்றாம் கியரில் அதே அறுபது. எஞ்சினின் சுழற்சி ஏறியது, நடுக்கம் மாறவில்லை. அப்படியானால் எஞ்சினும் கிளட்சும் அல்ல. அதே வேகத்தில் நியூட்ரலில் உருளவிட்டபோதும் நடுக்கம் தொடர்ந்தது. வண்டியை ஓரங்கட்டி, முன்சக்கர ஹப்புகளைக் கையால் திருப்பி விடுவித்தார். இனி முன்பக்க ஷாஃப்ட் சுழலாது. அப்போதும் பிள்ளையார் அடங்கவில்லை. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிராமல் தனியே நிற்பதால், நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட்டும் உண்டு. ஆக, ஷாஃப்ட்டுகள் மூன்று, ஐயத்துக்குரிய ஜாயிண்ட்டுகள் ஆறு. அரை மணி நேரத்தில், ஒரு நட்டும் கழற்றாமல், ஐயம் பெரும்பாலும் பின்பக்க ஷாஃப்ட்டின் மீது வந்து நின்றது.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த வண்டியின் டயர் நொடிக்கு ஏறத்தாழ எட்டு முறை சுற்றும். டிஃபரன்ஷியலின் விகிதம் நான்கை ஒட்டியது. எனவே ஷாஃப்ட் முப்பது முறை சுற்றும். டயரின் கோளாறு ஸ்டீயரிங்கை மெல்ல ஆட்டும். ஷாஃப்ட்டின் எடை சமனற்றிருந்தால் நொடிக்கு முப்பது அதிர்வு. ஜாயிண்ட்டின் கோளாறெனில் சுற்றுக்கு இரண்டாக அறுபது. மிஸ்திரி இதை எண்ணால் அறியவில்லை, உள்ளங்காலால் அறிந்தார்.

சுற்றுக்கு இரண்டு ஏன்? சிலுவை வடிவத் துண்டால் இணைந்த இரு கவைகள் சாய்ந்து சுழலும்போது, ஒன்று சீராகச் சுற்றினாலும் மற்றது ஒரு சுற்றில் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். ஜாயிண்ட்டின் சாய்வு பத்து பாகையானால் வேறுபாடு மேலும் கீழும் ஒன்றரை சதவீதம். இருபது பாகையானால் ஆறு. சாய்வு இரட்டித்தால் கோளாறு நான்கு மடங்கு. பதினேழாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இந்த ஏற்றத்தாழ்வை அறிந்து, கிடைமட்டச் சூரியக் கடிகையில் நிழல் நகரும் சீரின்மையோடு அதை ஒப்பிட்டார். (தில்லி ஜந்தர் மந்தரின் சாம்ராட் யந்திரத்தில் இந்தச் சிக்கல் இல்லை, நிழல் விழும் வளைவுகள் நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு இணையாக இருப்பதால் மணிகள் சமமாகவே விழும்.) வண்டியில் இதற்கு மாற்று, மறுமுனையிலும் ஒரு ஜாயிண்ட்டை வைப்பது. இரு முனைகளின் சாய்வும் சமமாக, ஷாஃப்ட்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால், முதலாவது செய்த பிழையை இரண்டாவது அழித்துவிடும்.

சந்துக்குத் திரும்பி வண்டிக்கடியில் படுத்த மிஸ்திரி, டார்ச்சை அடித்ததும் சிரித்துவிட்டார். இரு கவைகளும் ஒரே தளத்தில் இல்லை. ஓராண்டுக்கு முன் எவரோ கிராஸ் மாற்றியபோது ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரித்து, பற்களில் திரும்பச் செருகுகையில் இடம் தவறவிட்டிருக்கிறார். அப்போது சாய்வு குறைவு; எவருக்கும் தெரியவில்லை. பின்னர், மதுரைக்குச் சாமான் ஏற்ற வேண்டுமே என்று பெரியவரே பின்புறம் ஒரு பட்டை கூடுதலாக வைத்து ஸ்பிரிங்கை உயர்த்தியிருந்தார். உடம்பு உயர்ந்தது, சாய்வு கூடியது, ஒளிந்திருந்த பிழை வெளிப்பட்டது. பாதிக் குற்றம் தம்முடையது என்று கேட்டபோது அவருக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

எட்டு போல்ட்டுகள். ஷாஃப்ட்டை இறக்கி, பிரித்து, கவைகளை நேராக்கிச் செருகி, கிரீஸ் அடித்து மாட்டினார். புதிய பாகம் எதுவும் வாங்கவில்லை. "மறுபடி எவனாவது பிரித்தால்?" என்று பெரியவர் கேட்டார். மிஸ்திரி ஷாஃப்ட்டின் இரு பாதிகளிலும் எதிரெதிரே வெள்ளைப் பெயிண்டால் இரண்டு புள்ளிகள் வைத்தார்.

பிப்ரவரியில் சான்று கிடைத்தது. பல்வலைத் தாண்டியதும், பின்னால் வந்த லாரிகளின் ஹாரனைப் பொருட்படுத்தாமல், பெரியவர் நெடுநேரம் அறுபதிலேயே ஓட்டினார்.